ரூபாய்க்கு ஓரணா: போர்டு ஸ்கூல் யார் காசில் நடந்தது?

போன வாரம் ஓடு மாத்தும்போது பரண்மேல் கிடந்த தகரப்பெட்டி ஒண்ணைக் கீழே இறக்கினேன். உள்ளே எங்க அப்பாருடைய ஐயன் கந்தாயம் கட்டின ரசீதுகள். 1917-ஆம் வருசத்து ரசீதில் தீர்வை 12 ரூபாய், பக்கத்திலேயே செஸ் 12 அணா என்று எழுதியிருந்தது. அந்த 12 அணா எங்கே போச்சு என்று தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

தேடினதுக்கு ஒரு காரணம் உண்டு. எங்க ஊர் தொடக்கப் பள்ளியில் இப்போ 14 பிள்ளைகள். "இத்தனை பேருக்கு எதுக்குங்க ஒரு ஸ்கூலு? பக்கத்து ஊரோட சேத்துட்டுப் பூட்டிட வேண்டியதுதானே" என்றார் டீக்கடையில் ஒருத்தர். "சர்க்கார் சும்மா குடுக்கறது, அதான் மதிப்பில்லை" என்றார் இன்னொருத்தர். நானும் தலையை ஆட்டிட்டு வந்துட்டேன்.

சும்மா கொடுத்ததா? கணக்கைப் பார்ப்போம்.

முதலில் திண்ணைப் பள்ளிக்கூடம்தான். 1822-ல் கவர்னர் தாமஸ் மன்றோ ஒவ்வொரு கலெக்டரிடமும் பள்ளிக் கணக்குக் கேட்டார். 1826-ல் தொகுத்தபோது சென்னை மாகாணம் முழுக்க 12,498 பள்ளிகள், 1,88,650 பிள்ளைகள். எங்க கோயமுத்தூர் ஜில்லாவில் மட்டும் 763 பள்ளிகள். பெத்தவங்க கொடுக்கிற காசிலும் தானியத்திலும்தான் வாத்தியார் வீட்டில் அடுப்பு எரிஞ்சுது.

மன்றோ ஒரு திட்டம் போட்டார். கலெக்டர் ஜில்லாக்களுக்கு 40 பள்ளி, தாசில்களுக்கு 300 பள்ளி. தாசில் வாத்தியாருக்கு மாசம் 9 ரூபாய். புத்தகச் செலவும் சேர்த்து வருசத்துக்கு 48,000 ரூபாய். ஆனால் 1827-ல் அவர் காலராவில் போய்ச் சேர்ந்தார். 1836-ல் அந்தப் பள்ளிகளையும் மூடிட்டாங்க. மூடறது ஒண்ணும் புதுசு இல்லை பாருங்க.

1854-க்கு அப்புறம் கல்வி இலாகா வந்தது, இன்ஸ்பெக்டர்கள் வந்தாங்க. கிராமத்துப் பள்ளிக்குப் பணம் மட்டும் வரவில்லை. ஊரார் சம்மதித்தால் வரி போட்டுப் பள்ளி நடத்தலாம் என்று 1863-ல் ஒரு சட்டம் போட்டாங்க. அது பெரிசா எடுபடலை. அப்புறம் 1871-ல் லோக்கல் ஃபண்டு சட்டம். தீர்வையில் ரூபாய்க்கு ஓரணா வரைக்கும் செஸ். எங்க ரசீதில் இருக்கிற 12 அணாவின் ஊற்று இதுதான். பெரும்பங்கு சாலைக்குப் போனது. மிச்சத்தில்தான் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாம்.

1884 சட்டத்தில் ஜில்லா போர்டு, அதற்குக் கீழே தாலுகா போர்டு என்று பிரிச்சாங்க. செஸ் பணம் ரெண்டு போர்டுக்கும் பாதிப்பாதி. அதோட டோல்கேட்டுக் காசு, சந்தைக் குத்தகை. கிராமத்து ஆரம்பப் பள்ளிகள் தாலுகா போர்டு பொறுப்பு. பெரியவங்க இன்னமும் "போர்டு ஸ்கூல்" என்று சொல்வது இதனால்தான்.

வாத்தியார் பாடு மட்டும் மாறலை. திண்ணைப் பள்ளிகளுக்குப் பல வருசம் ரிசல்ட்டைப் பார்த்துத்தான் கிராண்ட். இன்ஸ்பெக்டர் பரீட்சை வைப்பார். எத்தனை பிள்ளை தேறுதோ அதற்குத் தக்க பணம். அறுப்புக் காலத்தில் பிள்ளைகள் காட்டுக்குப் போயிட்டால் வாத்தியார் கதி என்ன என்று விவசாயிக்குச் சொல்லத் தேவையில்லை.

1920-ல் தொடக்கக் கல்விச் சட்டம் வந்தது. கல்வி வரி போட்டுக்கலாம், வசூலான அளவுக்குச் சர்க்காரும் போடும் என்று ஏற்பாடு. ஆக, சர்க்கார் பணம் வந்தப்பவும் நம்ம பணம் முன்னாடி போக வேண்டியிருந்தது.

இதுவரைக்கும் எழுதியபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. எங்க நிலத்துத் தீர்வை, எங்க செஸ், எங்க பள்ளி! அப்பத்தான் அப்பாரு சொன்ன ஒரு விசயம் நினைவுக்கு வந்தது. எங்க பண்ணையத்தில் ஏர் ஓட்டினவங்க வீட்டுப் பிள்ளைகளை அந்தக் காலத்தில் பள்ளிக்குள் விடலை. பள்ளி நடந்தது ஊருக்குள் கோயிலை ஒட்டின சாவடியில். அந்தத் தெருவுக்கே அவங்க வர முடியாது.

இது எங்க ஊரில் மட்டும் இல்லை. பஞ்சமர் கல்விக்கு என்று சென்னை சர்க்கார் தனியாக 1893-ல் உத்தரவு போட வேண்டியிருந்தது. அந்தப் பிள்ளைகள் வர முடியாத இடத்தில் பொதுப் பள்ளியை வைக்கக் கூடாது என்று 1919-ல் மறுபடி ஓர் உத்தரவு. உத்தரவு எப்போ வந்தாலும், ஊர் கேட்கிறதுக்கு இன்னும் பல காலம் ஆச்சுங்க.

ரசீதில் பேர் எங்க முப்பாட்டன் பேர். ஆனால் அந்த 12 ரூபாய் தீர்வையும் 12 அணா செஸ்ஸும் எந்த மண்ணில் இருந்து வந்தது? அவங்க உழுத மண்ணில் இருந்துதான். பணம் அவங்க உழைப்பு, திண்ணை எங்களுக்கு.

இன்றைக்கு எங்க வீட்டுப் பிள்ளைகள் காலையில் வேன் ஏறி இங்கிலீசு மீடியம் போறாங்க. இந்த ஊர்ப் பள்ளியில் மிச்சம் இருக்கிற 14 பேரில் 11 பேர் அவங்க வீட்டுப் பிள்ளைகள். அன்றைக்கு உள்ளே விடலை. இன்றைக்கு அவங்க மட்டும் உள்ளே இருக்கும்போது பூட்டச் சொல்றோம்.

அடுத்த கிராம சபையில் இந்த ரசீதை எடுத்துக்கிட்டுப் போறதா இருக்கேன். "சும்மா குடுத்தது இல்லைங்க, இவங்களும் கட்டினதுதான்" என்று சொல்லணும். டீக்கடையில் தலையாட்டினவன்தானே நான், சொன்னால் எத்தனை பேர் கேட்பாங்களோ. சொல்லிப் பார்க்கிறேன்.

உங்க வீட்டுப் பரணிலும் பழைய ரசீது கிடந்தால் எடுத்துப் பாருங்க. செஸ் என்று ஒரு கட்டம் இருக்கும்.