கல்லீரலுக்கு ஒரு கல்லறை வாசகம்

காலில் புண் வந்தால் தொடை இடுக்கில் நெறி கட்டும். நம்ம ஊரில் இது எல்லோருக்கும் தெரியும். புண் ஆறினா நெறி தானா வத்திரும்னு பாட்டிகளே சொல்லிவிடுவார்கள். ஆனால் பாதத்துப் புண்ணுக்கும் இடுக்கில் இருக்கிற கட்டிக்கும் நடுவே ஓடுகிற நிணநீர்க் குழாய்களை ஐரோப்பிய மருத்துவம் ஒழுங்காகப் புரிந்துகொண்டது 17-ஆம் நூற்றாண்டில்தான். ஏன் இவ்வளவு தாமதம் என்று தேடப் போனதில் கிடைத்தது இந்தக் கதை.

முதல் காரணம் எளிது. குழாயின் சுவர் மெல்லிசு, உள்ளே ஓடுவதும் தண்ணீர் மாதிரி. கண்ணுக்குத் தெரியாது. 

1622 ஜூலை 23, மிலான் நகரம். காஸ்பரே அசெல்லி என்ற மருத்துவர் ஒரு நாயை உயிரோடு அறுத்துக்கொண்டிருந்தார். (மயக்க மருந்து இல்லாத காலம். படிக்கவே சங்கடமாக இருக்கிறது.) உதரவிதானம் அசைவதைப் பார்க்கக் குடலை ஒதுக்கினால், குடலைத் தாங்கும் சவ்வில் வெள்ளை வெள்ளையாக நூல்கள். நரம்பு என்றுதான் முதலில் நினைத்தார். ஒன்றைக் கீறியதும் பால் போல வழிந்தது. மறுநாள் இன்னொரு நாயை அறுத்தார். ஒன்றையும் காணோம்!

எங்கள் தொழிலில் இது தினசரிக் கூத்து. ஒரு மெஷினில் வரும், இன்னொன்றில் வராது. பலர் அந்த இடத்திலேயே டிக்கெட்டை மூடிவிடுவார்கள். அசெல்லி இரண்டு நாய்களுக்கும் என்ன வித்தியாசம் என்று யோசித்தார். முதல் நாய் நன்றாகத் தின்றிருந்தது, இரண்டாவது பட்டினி. அடுத்த நாய்க்கு வயிறு முட்ட ஊட்டிவிட்டுத் திறந்தார், வெள்ளை நூல்கள் வந்துவிட்டன. அந்த வெள்ளை, சாப்பாட்டிலிருந்து குடல் உறிஞ்சிய கொழுப்பு.

சரி, அது எங்கே போகிறது? கல்லீரலுக்கு என்றார் அசெல்லி. அங்கே போகவே இல்லை! உணவு கல்லீரலுக்குப் போய் ரத்தமாகிறது என்று கேலன் எழுதி 1400 வருஷம் ஆகியிருந்தது. அவ்வளவு கவனமாகச் சோதித்த மனுஷனுக்கே, கை பார்த்ததைவிடப் படித்தது பெரிதாகிவிட்டது. 1625-ல் அவர் இறந்துபோனார். வண்ண மரச்செதுக்குப் படங்களோடு அவர் புத்தகம் 1627-ல் வந்தது.

அடுத்து ஜான் பெக்கே என்ற பிரெஞ்சு இளைஞர், இதயத்தை நீக்கிய நாயின் பெருஞ்சிரையில் வெள்ளைத் திரவம் வருவதைப் பார்த்தார். சீழோ என்று சந்தேகம். குடல் சவ்வை அழுத்தினால் இன்னும் அதிகமாக வந்தது. பின்தொடர்ந்து போனால், முதுகெலும்பை ஒட்டி மேலே ஏறும் ஒரு குழாய் கழுத்தடிச் சிரையில் போய்ச் சேர்கிறது. கல்லீரல் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. பிறகு கோபன்ஹேகனின் தாமஸ் பார்த்தோலின், கல்லீரலிலிருந்து தெளிந்த நீர் வெளியேதான் வருகிறது என்று காட்டி, லிம்ஃப் குழாய்கள் என்று பெயரும் வைத்தார். பதவி போன கல்லீரலுக்குக் கிண்டலாக ஒரு கல்லறை வாசகமே எழுதினார்! (ஸ்வீடனின் ரூட்பெக் இதையே 1652-ல் ராணி கிறிஸ்டினா முன் செய்து காட்டியிருந்தார். யார் முதல் என்று பெரிய சண்டை.) ரத்த ஓட்டத்தைக் கண்டுபிடித்த ஹார்வி கடைசிவரை இதையெல்லாம் பெரிதாக ஒப்புக்கொள்ளவில்லை என்பதுதான் வேடிக்கை.

இன்று நமக்குத் தெரிந்தது இது. நுண்ணிய ரத்தக் குழாய்களிலிருந்து கசியும் நீரில் தினம் சில லிட்டர் ரத்தத்துக்கு நேராகத் திரும்புவதில்லை. அதை அள்ளிக்கொண்டு போய்ச் சேர்ப்பவை இந்தக் குழாய்கள். இதயம் மாதிரி தனி பம்ப் கிடையாது. குழாயின் சொந்தச் சுருக்கமும், நாம் நடக்கும்போது தசை கொடுக்கிற அழுத்தமும்தான் தள்ளுகின்றன. பின்னால் வழியாமல் வால்வுகள் தடுக்கும். வழியில் உள்ள முடிச்சுகளில் கிருமிகளை வடிகட்டுகிறார்கள் வெள்ளை அணுக்கள். அங்கே வேலை அதிகமானால் வீங்கும். அதுதான் நெறி.

மூளைக்கு மட்டும் இந்த வசதி இல்லை என்று பாடப்புத்தகங்கள் ரொம்ப நாள் சொல்லிவந்தன. பாதரசம் செலுத்தி உடல் முழுக்க இந்தக் குழாய்களை வரைந்த இத்தாலியர் பாவ்லோ மஸ்காஞ்சி, மூளை உறையிலும் அவை இருப்பதாக 1787-லேயே எழுதியிருந்தார். யாரும் நம்பவில்லை. 2015-ல் வர்ஜீனியாவிலும் ஹெல்சிங்கியிலும் இரண்டு குழுக்கள் எலியின் மூளை உறையில் அவற்றைப் பார்த்தன.