‘எரியும் சூரியன்களின் கீழ்’: ஓர் ஆர்வலர் ஆக்கத்தின் நிறைகளும் குறைகளும்

கணினி விளையாட்டுகளின் வரலாறு பெரும்பாலும் நிறுவனங்களின் வரலாறாகவே எழுதப்படுகிறது. எந்த ஆண்டில் எந்த விளையாட்டு வெளிவந்தது, எத்தனை படிகள் விற்றன என்பவையே அதில் முதலிடம் பெறுகின்றன. விளையாடியவர்களே விளையாட்டை ஆக்கிய வரலாறும் ஒன்று உண்டு. ஊதியம் பெறாத ஆர்வலர்கள், தங்கள் ஓய்வு நேரத்தில் உருவாக்கிய கதைகளும் போர்க்களங்களும் அதில் அடங்கும். அவ்வகையில் உருவான ‘அண்டர் தி பர்னிங் சன்ஸ்’ என்னும் ஆக்கத்தை இக்கட்டுரை அறிமுகம் செய்து, அதன் நிறை குறைகளை ஆராய்கிறது. தலைப்பைத் தமிழில் ‘எரியும் சூரியன்களின் கீழ்’ எனலாம். கதையின் முடிவும் இங்கே சொல்லப்படுகிறது என்பதை வாசகர்கள் கவனத்தில் கொள்க.

கேம்பெய்ன் என்பது என்ன?

போர்த்தந்திர விளையாட்டுகளில் பல போர்க்களங்களை ஒரே கதையால் கோத்துத் தரும் தொடரைக் கேம்பெய்ன் என்பர். ஒரு களத்தில் வென்றால் அடுத்த களம் திறக்கும். பிழைத்த வீரர்களும் மிஞ்சிய பொன்னும் அடுத்த களத்துக்கு உடன்வருவது பல விளையாட்டுகளில் வழக்கம். சதுரங்கத்தில் ஆட்டம் முடிந்ததும் காய்கள் எல்லாம் மீண்டும் முதல் நிலைக்கு வந்துவிடும். கேம்பெய்னில் அவ்வாறு இல்லை. நேற்று இழந்த குதிரை இன்றும் இல்லை.

வார்கிராஃப்ட் 2 (1995), ஸ்டார்கிராஃப்ட் (1998), ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 (1999) ஆகியவை களங்களை வடிவமைக்கும் கருவியையும் விளையாட்டோடு சேர்த்தே வழங்கின. இதனால் விளையாடுவோர் தாமே களங்களை அமைக்கத் தொடங்கினர்.

வெஸ்னாத் விளையாட்டின் தோற்றம்

இக்கட்டுரைக்குரிய ஆக்கம் ‘பேட்டில் ஃபார் வெஸ்னாத்’ என்னும் விளையாட்டைச் சேர்ந்தது. டேவிட் ஒயிட் என்பவர் 2003ஆம் ஆண்டில் இதைத் தொடங்கினார். இதன் 1.0 பதிப்பு 2005இல் வெளிவந்தது. இது கட்டற்ற மென்பொருள் ஆகும். ஜி.பி.எல். என்னும் பொது உரிமத்தின் கீழ் வெளியிடப்பட்டதால், யாரும் இதைப் பெறலாம், திருத்தலாம், திருத்தியதைப் பிறருக்கு வழங்கலாம். ஓவியம், இசை, கதை, மொழிபெயர்ப்பு எனப் பெரும்பகுதி தன்னார்வலர்களின் உழைப்பே.

விளையாட்டின் அடிப்படை விதிகள் எளியவை. களம் அறுகோணக் கட்டங்களால் ஆனது. இரு தரப்பும் மாறி மாறிக் காய் நகர்த்தும். ஒரு வீரர் நிற்கும் நிலத்தைப் பொறுத்து அவர் மீது அடி விழும் வாய்ப்பு கூடும் அல்லது குறையும். பகலில் வலிமை பெறும் இனங்களுக்குப் பகலில் 25 விழுக்காடு தாக்குதல் திறன் கூடும், இரவில் அதே அளவு குறையும். இருளை விரும்பும் இனங்களுக்கு இது தலைகீழ். போரிடப் போரிட வீரர்கள் அனுபவம் பெற்று அடுத்த நிலைக்கு உயர்வர். முந்தைய களத்தில் பிழைத்த வீரரை மீண்டும் அழைக்க வழக்கமாக 20 பொன் செலவாகும்.

இந்த விளையாட்டில் கேம்பெய்ன் எழுதுவதற்கென ஒரு குறிமொழி உண்டு. அது சாதாரண உரைக் கோப்பிலேயே எழுதப்படுகிறது. நிரல் எழுதத் தெரியாதவரும் சில வாரங்களில் அதைக் கற்றுக்கொள்ளலாம். எழுதியதை விளையாட்டின் சேவையகத்தில் ஏற்றினால், மற்றவர்கள் விளையாட்டுக்குள் இருந்தபடியே அதைத் தரவிறக்கி ஆடலாம். அவ்வாறு ஆர்வலர் ஆக்கமாகத் தொடங்கி, பின்னர் விளையாட்டின் அதிகாரபூர்வத் தொகுப்பிலும் இடம்பெற்றது ‘எரியும் சூரியன்களின் கீழ்’.

கதைச் சுருக்கம்

வெஸ்னாத் பேரரசின் பொற்காலத்துக்கு நெடுங்காலம் பின்னர் கதை நிகழ்கிறது. வானில் சேலா, நாயா என இரு சூரியன்கள். மூன்றாவதாக ஒன்றை ஏற்ற முயன்றபோது அது விழுந்து பேரரசு அழிந்தது. பசுமையான நிலம் பாலையானது. முல்லையும் குறிஞ்சியும் முறைமை திரிந்தால் பாலையாகும் என்னும் தமிழ் மரபை அறிந்தவர்களுக்கு இக்கற்பனை எளிதில் விளங்கும்.

காட்டில் வாழ்ந்த எல்ஃப் இனத்தின் வழித்தோன்றல்களான குவெனாத் மக்கள் இப்பாலையில் வாழ்கின்றனர். ஓர் இரவில் விண்கற்கள் பொழிந்து அவர்களது ஊர் அழிகிறது. தலைவரும் மாண்டுபோகிறார். அவருடைய மருமகன் காலே என்னும் இளைஞன் தலைமை ஏற்கிறான். அவர்கள் வணங்கும் எலோ என்னும் தெய்வத்தின் குரல் அவனை வடக்கு நோக்கி அழைக்கிறது. மக்களை அழைத்துக்கொண்டு பாலையைக் கடந்து, மலையடிச் சுரங்கங்களில் புகுந்து, கடல் கடந்து ஒரு தீவை அடைகிறான். குரல் கொடுத்தது எலோ அல்ல, எலோவின் பெயரில் வந்த யெக்னகோத் என்னும் தீய சக்தி என்பது பிறகே தெரிகிறது.

நிறைகள்

முதலாவது நிறை, கதையும் விதியும் ஒன்றியிருப்பது. இரு சூரியன்கள் என்பது வெறும் வருணனையாக நின்றுவிடவில்லை. இக்கேம்பெய்னில் ஒரு நாளில் இரண்டு விடியல்கள் வருகின்றன. நடுவே குறுகிய இருளும், இறுதியில் நெடிய இருளும் வருகின்றன. மற்றக் களங்களில் இரவு பகல் கணக்குப் போட்டுப் பழகியவர் இங்கே புதிதாகக் கணக்குப் போட வேண்டும். பாலையைக் கடக்கும் களத்தில் வெயிலும் ஓர் எதிரி. நீர்ச்சோலைகளை மனத்தில் வைத்தே பயணத்தைத் திட்டமிட வேண்டியிருக்கிறது.

இரண்டாவது, களங்களின் வேறுபாடு. எதிரித் தலைவனைக் கொல் என்ற ஒரே நோக்கத்தோடு களத்துக்குப் பின் களமாக அடுக்குவதே புதிதாக எழுதுவோரின் வழக்கம். இங்கே சிதைந்த ஊரைக் காத்தல், பாலையைக் கடத்தல், சுரங்கத்தில் வழி தேடுதல், நீர்வாழ் மக்களோடு உறவாடுதல் எனப் பணி மாறிக்கொண்டே இருக்கிறது.

மூன்றாவது, விளையாடுவோருக்குத் தரப்படும் தேர்வு. சுரங்கத்தில் குள்ளர்களும் ட்ரோல் என்னும் பேருருவினரும் பகைகொண்டு போரிடுகின்றனர். யாருடன் சேர்வது என்பதைக் காலேயாக இருந்து நாமே முடிவு செய்கிறோம். குள்ளர்களைத் தேர்ந்தால் ரோக்ரிமிர், ஜார்ல் என்னும் இருவரும், ட்ரோல்களைத் தேர்ந்தால் க்ரோக், நாக் என்னும் இருவரும் துணையாக வருகின்றனர். குள்ளர்களின் வலிமை பகலிரவால் மாறுவதில்லை. ட்ரோல்கள் இருளில் வலியவர்கள், ஒவ்வொரு சுற்றிலும் தாமே காயம் ஆறும் தன்மையுடையவர்கள். இதனால் கதை மட்டுமன்றிப் போர்முறையும் மாறுகிறது. பிற வெஸ்னாத் கதைகளில் பெரும்பாலும் பகைவராகவே வரும் ட்ரோல்களுக்கும் தம் பக்க நியாயம் உண்டு என்று காட்டியது குறிப்பிடத்தக்கது.

நான்காவது, கதையின் கருத்து. தலைவனுக்குக் கீழ்ப்படிதல், தெய்வ வாக்கை நம்புதல் ஆகியவை பல மிகுபுனைவுக் கதைகளில் கேள்விக்கு அப்பாற்பட்டவை. இங்கே தன் மக்களின் உயிர் தன் கையில் இருக்கும்போது, கேட்ட குரலை எவ்வளவு தூரம் நம்புவது என்பதே ஓர் இளைஞனின் சோதனையாகிறது.

குறைகள்

முதற்குறை, அளவு. களங்கள் பெரியவை, எதிரிகள் மிகுதி, உரையாடல்கள் நீளமானவை. ஒரு சுற்றை முடிக்கவே நெடுநேரம் ஆகிறது. பதிப்பாசிரியர் ஒருவர் இருந்திருந்தால் சில பகுதிகளை வெட்டியிருப்பார்.

இரண்டாவது, தவறுக்கான தண்டனை தாமதமாக வருவது. தொடக்கக் களங்களில் அனுபவ வீரர்களை இழந்தவர் அப்போதைக்கு வென்றுவிடலாம். பல களங்களுக்குப் பின்னரே, கடக்க முடியாத இடத்தில் நிற்பதை உணர்வார். எங்கே தவறினோம் என்பதும் அவருக்கு விளங்காது. ஆறாம் வகுப்பில் கற்காத பின்னக் கணக்கு ஒன்பதாம் வகுப்பில் இயற்கணிதமாக வந்து மாணவனை வீழ்த்துவது போன்றது இது. பின்தங்கியவரைக் கைதூக்கிவிடும் ஏற்பாடு பாடத்திட்டத்துக்கு மட்டுமல்ல, விளையாட்டுக்கும் தேவை.

மூன்றாவது, முன்னறிவிப்பில்லாத திருப்பங்கள். திடீரென எதிரிகள் தோன்றுவது கதைக்குச் சுவை கூட்டும். ஆனால் முதன்முறை ஆடுபவர் அதை எவ்வகையிலும் ஊகிக்க முடியாதபோது, தோற்றுவிட்டு, சேமித்த இடத்திலிருந்து மீண்டும் ஆடுவதே வழியாகிறது. அங்கே வெல்வது தந்திரமன்று, நினைவாற்றலே.

நான்காவது, குள்ளர்களா ட்ரோல்களா என்ற தேர்வுக்குப் பின் பாதைகள் விரைவில் மீண்டும் ஒன்றாகிவிடுகின்றன. தேர்ந்த துணைவர்கள் உடன்வந்தாலும் கதையின் போக்கு மாறுவதில்லை.

நிறைக்கும் குறைக்கும் வேர் ஒன்றே

மேற்கண்ட நிறைகளையும் குறைகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். இரண்டும் ஒரே இடத்தில் பிறந்தவை. இது விற்காது என்று சொல்லும் மேலாளர் இல்லாததால்தான் காட்டு இனத்தைப் பாலையில் நிறுத்தும் துணிவு பிறந்தது. இது நீளம், குறையுங்கள் என்று சொல்லும் மேலாளரும் இல்லாததால்தான் அளவு மீறியது. ஆர்வலர் ஆக்கங்கள் பலவற்றின் இயல்பு இதுவே.

அப்படியானால் குறைகளைத் திருத்துவது யார்? இங்குதான் உரிமம் முக்கியத்துவம் பெறுகிறது. ஆர்வலரின் வாழ்வு மாறும். வேலை, குடும்பம் என்று அவர் விலகிச் செல்வது இயல்பு. விளையாட்டின் புதிய பதிப்பு வரும்போது பழைய ஆக்கம் இயங்காமல் போகலாம். வெஸ்னாத் ஆக்கங்கள் பொது உரிமத்தில் இருப்பதால் இன்னொருவர் வந்து தொடர முடிகிறது. பழைய கேம்பெய்ன்களைப் புதிய பதிப்புக்கு மாற்றவும், அவற்றில் உள்ள பிழைகளைக் கண்டறியவும் டபிள்யூ.எம்.எல்.லின்ட் என்னும் கருவியே உண்டு. கட்டற்ற மென்பொருள் குறித்த எழுத்துகளால் அறியப்பட்ட எரிக் எஸ். ரேமண்ட் அக்கருவியின் உருவாக்கத்தில் பங்காற்றியவர். ‘எரியும் சூரியன்களின் கீழ்’ ஆக்கத்தையும் முதல் ஆசிரியருக்குப் பின் பல கைகள் திருத்தி வந்துள்ளன.

இதற்கு மாறான நிலையையும் வரலாறு காட்டுகிறது. வார்கிராஃப்ட் 3 (2002) விளையாட்டில் ஆர்வலர்கள் அமைத்த ‘டிஃபென்ஸ் ஆஃப் தி ஏன்ஷியன்ட்ஸ்’ என்னும் களம் உலகப் புகழ் பெற்றது. அதன் வழியே வேறொரு நிறுவனத்தின் டோட்டா 2 பிறந்தது. பின்னர் 2020இல் வார்கிராஃப்ட் 3 புதுப்பிக்கப்பட்டு வெளிவந்தபோது, அதில் ஆர்வலர்கள் உருவாக்கும் விளையாட்டுகள் நிறுவனத்தின் உடைமை என்று அதன் விதிகள் அறிவித்தன. ஆர்வலரின் உழைப்பு இரண்டு இடங்களிலும் ஒன்றுதான். அது யாருக்குச் சொந்தம் என்பதில்தான் வேறுபாடு.

முடிவுரை

‘எரியும் சூரியன்களின் கீழ்’ குறையற்ற ஆக்கம் அன்று. பொறுமையற்றவர்களுக்கு அது ஏற்றதுமன்று. புதியவர்கள் வெஸ்னாத்தின் எளிய கேம்பெய்ன்களை முதலில் ஆடிப் பழகிவிட்டு இதற்கு வருவது நல்லது. ஆயினும் ஓர் ஆர்வலரின் கற்பனை பல கைகளால் பேணப்பட்டு, இன்றும் எவரும் கட்டணமின்றிப் பெற்று ஆடும் நிலையில் இருக்கிறது. இத்தகைய ஆக்கத்தில் குறை காண்பவர் அதைச் சொல்லிவிட்டுப் போகலாம். விரும்பினால் கோப்பைத் திறந்து தாமே திருத்தவும் செய்யலாம்.