மாலையும் மலரும்: மலேசிய, சிங்கப்பூர்த் தமிழரிடையே ஆர்க்கிட் மாலையின் வரலாற்றுப் பின்புலம்

முன்னுரை

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் நிகழும் தமிழர் திருமணங்களில் ஆர்க்கிட் மாலை இன்று புதுமையன்று. ஊதா, வெள்ளை நிற ஆர்க்கிட் மலர்களைக் கோத்த மாலைகள் விருந்தினரை வரவேற்கவும், மணமேடையை அணிசெய்யவும், கோயில்களில் இறைத்திருமேனிக்குச் சாத்தவும் பயன்படுகின்றன. இதனை மரபின் சிதைவு என்பார் உளர். காலத்தின் தேவை என்று அமைவாரும் உளர். மாலையின் மரபு அதன் மலரில்தான் தங்கியுள்ளது என்னும் எண்ணமே இவ்விரு கருத்துக்கும் அடிப்படை. அவ்வெண்ணம் வரலாற்றுக்குப் பொருந்துமா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மாறிவந்த மலர்கள்

கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டு காந்தள், ஆம்பல், அனிச்சம் தொடங்கி 99 மலர்களைப் பட்டியலிடுகிறது. சேரர்க்குப் பனம்பூவும், பாண்டியர்க்கு வேம்பும், சோழர்க்கு ஆத்தியும் அடையாள மலர்களாக இருந்தமையைத் தொல்காப்பியம் பதிவு செய்துள்ளது. மூவேந்தரின் பெருமைக்குரிய இம்மூன்று மலர்களையும் இன்று மணமாலைக்குக் கேட்பார் இல்லை. மாறாக, நாம் தொன்றுதொட்டு வருவன என நம்பும் மலர்களுள் சில, தமிழ்நாட்டுக்குப் பிற்காலத்தில் வந்து சேர்ந்தவை.

செண்டுமல்லியும் நிலச்சம்பங்கியும் இதற்குத் தக்க சான்றுகள். இவ்விரண்டின் தாயகமும் மெக்சிகோ. ஐரோப்பியர் அமெரிக்கக் கண்டத்தை அடைந்த பின்னர், கடல் வாணிகத்தின் வழியே இவை ஆசியாவை வந்தடைந்தன. செண்டுமல்லிக்கு வழங்கும் ‘துலுக்கச் செவ்வந்தி’ என்னும் பெயர், அது வெளியிலிருந்து வந்தது என்னும் நினைவைத் தன்னுள் கொண்டுள்ளது. நிலச்சம்பங்கியோ பழைய சம்பங்கியின் பெயரையே தனதாக்கிக்கொண்டது. புதிய மலருக்குப் பழைய மலரின் பெயரைச் சூட்டி உறவாக்கிக்கொள்வது தமிழர் கையாண்ட ஏற்புமுறை எனலாம். இன்று இவையின்றிக் கோயில் மாலைகளை எண்ணிப் பார்ப்பது அரிது.

மலர்கள் இவ்வாறு மாறியபோதும் மாலை மாறவில்லை. கண்ணி, தார், கோதை, தொடையல், பிணையல் எனப் பழந்தமிழ் கொண்டுள்ள சொற்கள் மலரின் பெயரால் அமைந்தவை அல்ல. அணியும் இடம், அணிபவர், கட்டும் முறை ஆகியவற்றால் அமைந்தவை. சோழர் காலக் கல்வெட்டுகள் திருநந்தவனத்திற்கும் திருப்பள்ளித்தாமத்திற்கும் நிவந்தங்கள் அளிக்கப்பட்டதைக் கூறுகின்றன. பூவை வளர்ப்பதும் தொடுப்பதும் பேணத்தக்க தொழில்கள் என்னும் கருத்து அவற்றில் வெளிப்படுகிறது.

ஆர்க்கிட்டின் வரவு

ஆர்க்கிட்டுக்கு இவ்வட்டாரத்தில் தனி வரலாறு உண்டு. சிங்கப்பூரில் வாழ்ந்த ஆர்மீனியப் பெண்மணியான ஆக்னஸ் ஜோக்கிம் உருவாக்கிய ‘வாண்டா மிஸ் ஜோக்கிம்’ என்னும் கலப்பினத்தை, சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் இயக்குநராக இருந்த ஹென்றி ரிட்லி 1893இல் உலகுக்கு அறிவித்தார். அதன் பெற்றோருள் ஒன்று மலாயாத் தீபகற்பத்திலும் வளர்வது. மற்றொன்று பர்மாவுக்கும் வடகிழக்கு இந்தியாவுக்கும் உரியது. 1981இல் இக்கலப்பினம் சிங்கப்பூரின் தேசிய மலராயிற்று.

ஆர்க்கிட் விதைகளில் சேமித்து வைத்த உணவு இல்லை. ஆதலின் அவற்றை முளைக்கச் செய்வது நெடுங்காலம் அரிதாக இருந்தது. ஊட்டக் கரைசல் கலந்த கடற்பாசிக் கூழில் விதைகளை முளைக்கச் செய்யும் முறையை அமெரிக்கரான லூயிஸ் நட்சன் 1922இல் வெளியிட்டார். பூங்காவின் இயக்குநராகப் பின்னர்ப் பொறுப்பேற்ற எரிக் ஹோல்ட்டம் அம்முறையைச் சிங்கப்பூரில் கையாண்டார். மலாயா ஆர்க்கிட் சங்கம் 1928இல் தோன்றியது. திறந்த வெயிலில் பாத்திகளில் வளரக்கூடிய ‘அராக்னிஸ் மேகி ஓய்’ போன்ற கலப்பினங்கள் பரவியபின், ஆர்க்கிட் செல்வர்தம் தோட்டங்களிலிருந்து சந்தைக்கு வந்தது. பின்னர்த் தாய்லாந்தின் டென்ட்ரோபியம் மலர்கள் பெருமளவில் விளைந்து உலகச் சந்தையை நிறைத்தன.

மாலையில் இடம் பெற்ற காரணம்

தமிழர் மாலையில் ஆர்க்கிட் புகுந்தமைக்கு அழகு மட்டுமே காரணமன்று. மல்லிகையை மொட்டாகப் பறிக்க வேண்டும்; அது அன்று மாலை விரிந்து மறுநாள் வாடிவிடும். தோட்டப்புறங்களில் வாழ்ந்த தமிழர் வீட்டு முற்றத்துச் செடியிலிருந்து பறித்துக்கொண்டனர். நகர வாழ்வும் அடுக்குமாடி வீடுகளும் அவ்வாய்ப்பைச் சுருக்கின. தமிழ்நாட்டிலிருந்து வானூர்தியில் வரும் மல்லிகை இக்குறையை ஓரளவு தீர்த்தாலும், சரக்குக் கட்டணமும் கால நெருக்கடியும் விலையை உயர்த்துகின்றன. முகூர்த்த நாள்களில் மல்லிகைச் சரத்தின் விலை ஏறுவதைப் பூக்கடைக்குச் செல்வோர் அறிவர்.

ஆர்க்கிட்டின் இதழ் தடித்தது, எளிதில் வாடாது, அண்மை நாடுகளில் ஆண்டு முழுதும் கிடைப்பது. மணமே அதன் குறை. ஆதலால் கடைக்காரர் ஆர்க்கிட் மாலையில் இடையிடையே மல்லிகையோ ரோஜாவோ சேர்க்கின்றனர். நிறத்துக்கும் உறுதிக்கும் ஒன்று, மணத்துக்கு மற்றொன்று என்னும் இக்கூட்டு, மரபைக் கைவிடாது சூழலுக்கு ஏற்பத் தகவமைத்துக்கொண்டதன் வெளிப்பாடாகும்.

பதிவு பெற்றோரும் பெறாதோரும்

இங்குக் கவனிக்க வேண்டிய ஏற்றத்தாழ்வு ஒன்றுண்டு. ஓர் ஆர்க்கிட் கலப்பினத்தின் பெற்றோர், உருவாக்கியவர், ஆண்டு ஆகியன அனைத்துலகப் பதிவேட்டில் உள்ளன. அத்தகைய பதிவு இருந்தும் ஆக்னஸ் ஜோக்கிமின் உழைப்பு ஐயுறப்பட்டது. அவர் மலரை உருவாக்கவில்லை, தோட்டத்தில் தற்செயலாகக் கண்டெடுத்தார் என்ற கருத்துப் பின்னாளில் பரவியது. அவரே அதனை உருவாக்கியவர் என்பது சிங்கப்பூரில் அதிகாரப்பூர்வமாக ஏற்கப்பட்டது 2016இல்தான். ரிட்லியின் எழுத்துச் சான்று இருந்த ஒருவருக்கே இந்நிலை எனில், எழுத்தில் இடம்பெறாதோர் நிலை என்ன?

சிராங்கூன் சாலையிலும், பிரிக்ஃபீல்ட்ஸிலும், கிள்ளானிலும் அமர்ந்து மாலை தொடுத்தோரைப் பற்றி மலர் வளர்ப்பு வரலாறுகள் பேசுவதில்லை. வாழைநாரில் விரல்களாலேயே முடிச்சிட்டு மல்லிகை தொடுப்பது ஒரு முறை. ஊசியால் ஆர்க்கிட்டின் நடுவே நூலோட்டிக் கோப்பது மற்றொரு முறை. கனத்த ரோஜா மாலையைக் கட்டுவது பிறிதொரு முறை. மெட்ரிக் அளவை நிலைபெற்ற பின்னரும் மல்லிகைச் சரம் முழக் கணக்கில் விற்கப்படுகிறது. இவ்வறிவு நூல்வழி வந்ததன்று; தாயிடமிருந்து மகளுக்கும், கடை முதலாளியிடமிருந்து பணியாளருக்கும் கைவழி வந்தது. செயற்கைப் பூமாலைகள் பெருகிவரும் சூழலில் அழியக்கூடியது இதுவேயன்றி, ஏதேனும் ஒரு மலரன்று.

முடிவுரை

தமிழர் மாலையின் வரலாறு மலர்களை மாற்றிக்கொண்டே வந்த வரலாறாகும். மெக்சிகோவிலிருந்து வந்த செண்டுமல்லியை ஏற்றுக்கொண்ட மரபுக்கு ஆர்க்கிட் அயலானதன்று. எனவே ஆர்க்கிட் மாலை மரபா அன்றா என்னும் விவாதத்தினும், மாலை தொடுக்கும் கலையைப் பேணுவது எவ்வாறு என்னும் வினாவே முதன்மை பெற வேண்டும். முதிய பூத்தொடுப்போரின் வாய்மொழி வரலாறுகளையும், அவர்தம் தொழிற்சொற்களையும், முடிச்சு முறைகளையும் திரட்டுவது நம் பல்கலைக்கழகங்களின் இந்திய ஆய்வியல் துறைகள் மேற்கொள்ளத்தக்க பணியாகும். மாணவர்தம் களப்பணிக்கு உகந்த பொருளும் இதுவே. அறிந்தோர் உள்ளபோதே இப்பணி தொடங்கப்பெறுதல் நன்று.