தேற்றாங்கொட்டையும் தேற்றரவாளனும்: தெல்லிப்பழைக் கிறிஸ்தவத்தில் துயரும் ஆறுதலும்

1. சிக்கல்

யாழ்ப்பாணத்துச் செத்தவீட்டில் துயரம் வாய் மூடி இருப்பதில்லை. பெண்கள் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்து ஒப்புச் சொல்லி அழுவார்கள். சைவ வீடாயின் பறைமேளம் ஒலிக்கும். திருப்பொற்சுண்ணம் பாடிச் சுண்ணம் இடிப்பார்கள். அதன்பின் எட்டுச் செலவு, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி, ஆடி அமாவாசையில் தந்தையருக்கும் சித்திரா பௌர்ணமியில் தாய்மாருக்கும் விரதம் என்று துயரத்துக்கு நாட்கணக்கு உண்டு. அதற்கென இடமும் உண்டு. சாம்பல் கரைக்கவும் பிதிர்க்கடன் கழிக்கவும் குடாநாட்டின் பல பகுதிகளிலிருந்தும் மக்கள் தேடி வரும் கீரிமலை, தெல்லிப்பழைப் பிரதேசத்துக்குள்ளேயே இருக்கிறது.

இத்தனை நிறைந்த துக்க மரபு வாழ்ந்த ஊரில்தான் 1816 ஒக்டோபரில் டானியேல் பூர் குடியேறி அமெரிக்க மிஷனின் பணியைத் தொடங்கினார். இன்றைய யூனியன் கல்லூரி தன் தொடக்கத்தை அந்த ஆண்டிலேயே காண்கிறது. மிஷனின் கல்விப் பணி பற்றியும் மருத்துவப் பணி பற்றியும் நிறைய எழுதப்பட்டுள்ளது. இக்கட்டுரை கேட்கும் கேள்வி வேறு: இழவு விழுந்த வீட்டுக்கு அந்தச் சமயம் என்ன கொண்டுபோனது? தெல்லிப்பழை அனுபவத்தை வைத்துப் பார்க்கும்போது, அழுகைக்கு எந்த அளவுக்கு இடம் கொடுத்ததோ அந்த அளவுக்கே கிறிஸ்தவ விசுவாசம் ஆறுதல் தந்தது என்பதே இங்கு முன்வைக்கப்படும் கருத்து.

2. ஆறுதலும் தேறுதலும்

துயர் தணிவதைக் குறிக்கத் தமிழில் வழங்கும் இரண்டு முதன்மைச் சொற்களும் உடம்பிலிருந்தும் வீட்டுப் புழக்கத்திலிருந்தும் வந்தவை. சோறு ஆறும், புண் ஆறும், மனமும் ஆறும். சூடு தணிவதற்குக் காலம் வேண்டும் என்ற அறிவு ‘ஆறுதல்’ என்ற சொல்லிலேயே இருக்கிறது. ஆறாத புண்ணை ஆறிவிட்டது என்று சொல்லி மூடினால் அது உள்ளே சீழ்ப்பிடிக்கும்.

‘தேறுதல்’ என்பது தெளிதல். கலங்கல் நீரைத் தெளிய வைக்க நம் முன்னோர் தேற்றாங்கொட்டையைக் குடத்தின் உட்புறத்தில் உரைத்து நீரை ஊற்றி வைத்தார்கள். கலித்தொகையிலேயே இது உவமையாக வந்துள்ளது. இந்த வினையில் கவனிக்க வேண்டியது ஒன்று: சேறு குடத்தைவிட்டு வெளியேறுவதில்லை, அடியில் படிகிறது. குடத்தை அசைத்தால் மறுபடி கலங்கும். ஆயினும் மேலேயுள்ள நீரை அள்ளிக் குடிக்கலாம். இழப்புக்குப் பின் மனிதர் வாழும் வாழ்வை இதைவிடச் சரியாகச் சொல்லும் உவமை அரிது.

பரிசுத்த ஆவியானவரைச் சுட்ட யோவான் நற்செய்தி கையாளும் கிரேக்கச் சொல்லுக்கு ‘பக்கத்துக்கு அழைக்கப்பட்டவர்’ என்பது நேர்ப்பொருள். புரட்டஸ்தாந்தரின் பழைய தமிழ் வேதாகமம் அதைத் ‘தேற்றரவாளன்’ என்று பெயர்த்தது; 1995 இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு ‘துணையாளர்’ என்கிறது. மூலச் சொல்லுக்கு நெருக்கமானது பின்னையதே. எனினும் முன்னைய சொல் தமிழில் புதிதாக ஒன்றைச் சாதித்தது. கலங்கியதைத் தெளிய வைக்கும் வேலையை ஓர் ஆளின் வேலையாக்கியது. இரண்டு சொற்களையும் சேர்த்து வாசித்தால் கிறிஸ்தவ ஆறுதலின் இலக்கணம் கிடைக்கிறது: பக்கத்தில் வந்து இருப்பவர் ஒருவர், அவர் இருக்க இருக்கக் கலக்கம் படிகிறது. ஏன் இது நடந்தது என்ற வினாவுக்கான விடை இந்த இலக்கணத்தில் எங்கும் இல்லை.

3. மிஷன் வீட்டுச் சாவுகள்

ஆறுதல் சொல்ல வந்தவர்களின் வீட்டிலேயே முதலில் சாவு விழுந்தது. 1815 ஒக்டோபரில் அமெரிக்காவின் நியூபரிபோர்ட் துறைமுகத்திலிருந்து புறப்பட்ட குழுவில் பூருடன் வந்தவர் எட்வர்ட் வாரன். காசநோயால் நலிந்த அவர் காற்று மாற்றத்துக்காக நன்னம்பிக்கை முனைக்குச் சென்று, 1818 இல் அங்கேயே இறந்தார். அதே பயணம் போய்த் திரும்பிய ஜேம்ஸ் ரிச்சர்ட்ஸ் 1822 இல் யாழ்ப்பாணத்தில் மறைந்தார். இவ்விரண்டு சாவுகளுக்கும் இடையில், 1821 இல், பூரின் மனைவி சூசன் தெல்லிப்பழையில் காலமானார். உடுவிலில் 1824 இல் பெண்கள் பாடசாலையைத் தொடங்கிய ஹரியற் வின்சிலோ 1833 இல் இறந்தார். அவருடைய கணவர் மைரன் வின்சிலோ 1835 இல் மனைவியின் வரலாற்றை நூலாக வெளியிட்டார். பிற்காலத்தில் பெரும் தமிழ் அகராதியைத் தந்தவரும் இவரே.

அக்கால நியூ இங்கிலாந்துச் சமய வாழ்வில் இத்தகைய நினைவு நூல்களுக்குத் தனி இடம் இருந்தது. இறப்பவர் கலங்காமல் இறப்பதும் இருப்பவர் முறுமுறுக்காமல் தாங்குவதும் விசுவாசத்தின் சான்றுகளாகக் கொள்ளப்பட்டன. மரணப் படுக்கை ஒரு வகையில் பரீட்சை மண்டபமானது. இந்தப் பக்தி பலரைத் தாங்கியது உண்மை. மனைவியை இழந்த பூர் பணியை விட்டுப் போகவில்லை. 1823 இல் வட்டுக்கோட்டை செமினரியின் பொறுப்பை ஏற்றார். 1855 இல் மானிப்பாயில் வாந்திபேதியால் இறக்கும் வரை தமிழரிடையே உழைத்தார். ஆனால் அதே பக்திக்கு இன்னொரு பக்கமும் உண்டு. அமைதியே சான்று என்றால், வாய்விட்டு அழுபவர் விசுவாசத்தில் குறைந்தவர் ஆகிவிடுகிறார். ‘தேவ சித்தம்’ என்ற தொடர், துயருற்றவர் தாமே தேறிச் சொல்லும்போது சரணடைதல். அதையே மற்றவர் அவரிடம் சொல்லும்போது அது வாயடைத்தல்.

4. வெளியே நிறுத்தப்பட்ட ஒப்பாரி

இந்த மனப்பாங்கு தமிழ்த் துக்க மரபைச் சந்தித்தபோது விளைந்தது எளிதில் ஊகிக்கத்தக்கது. பறைமேளமும் மாரடித்து அழுதலும் ‘அஞ்ஞான’ வழக்கங்கள் என்ற வகைக்குள் போயின. நம்பிக்கையற்ற மற்றவர்களைப் போலத் துக்கிக்க வேண்டாம் என்று தெசலோனிக்கேயருக்குப் பவுல் எழுதிய அறிவுரை இதற்கு ஆதாரமாகக் காட்டப்படுவதுண்டு. அந்த அறிவுரை விலக்குவது நம்பிக்கையின்மையை, துக்கத்தை அன்று. இந்த நுண்ணிய வேறுபாடு பிரசங்க மேடையிலிருந்து செத்தவீட்டு முற்றத்துக்கு வருவதற்குள் பலமுறை தொலைந்துவிட்டது.

கிறிஸ்தவ வேதமோ ஒப்பாரிக்கு அந்நியமானதன்று. எரேமியாவின் ஒன்பதாம் அதிகாரத்தில் புலம்பற்காரிகள் அழைத்து வரப்படுகிறார்கள். சவுலுக்கும் யோனத்தானுக்கும் தாவீது பாடிய இரங்கற்பாட்டைச் சங்கப் புலவர் கேட்டிருந்தால் கையறுநிலை என்று துறை வகுத்திருப்பார்கள். எருசலேமின் அழிவைப் பாடும் நூலுக்குத் தமிழில் பெயரே ‘புலம்பல்’. அதன் முதல் நான்கு பாடல்களும் எபிரேய நெடுங்கணக்கின் வரிசையில் அடி தொடங்குபவை. மூன்றாம் பாடலில் ஒவ்வோர் எழுத்துக்கும் மும்மூன்று வசனங்கள். ஆத்திசூடி படித்து வளர்ந்த நமக்கு இந்த உத்தி புதிதன்று. அறத்தை மனத்தில் பதிக்க ஔவை கையாண்ட அகரவரிசையை எபிரேயக் கவி அழுகைக்குக் கையாண்டார். கட்டுக்கடங்காத துயருக்கு ஒரு கட்டு வேண்டும், முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை சொல்லித் தீர்க்க வேண்டும் என்பதே அந்த அமைப்பின் உட்பொருள். மொழிபெயர்ப்பில் இந்த வரிசை மறைந்துவிடுவதால் தமிழ்ச் சபையார் இதை அறிய வாய்ப்பில்லாமல் போயிற்று.

இங்கே ஆறுமுக நாவலரை நினைப்பது பொருத்தம். பேர்சிவல் பாதிரியாருடன் வேதாகம மொழிபெயர்ப்பில் உழைத்த அவர், 1854 இல் வெளியிட்ட ‘சைவதூஷண பரிகாரம்’ நூலில், மிஷனரிமார் பழித்த கோயிற்கிரியைகளுக்கு ஒப்பானவை பழைய ஏற்பாட்டிலேயே விதிக்கப்பட்டிருப்பதை எடுத்துக்காட்டினார். கிரியை பற்றி எதிர்த்தரப்பார் செய்த அந்த வாசிப்பைத் துக்கம் பற்றி மிஷன் தரப்பார் செய்திருந்தால், செத்தவீட்டு ஒப்பாரியைத் தம் வேதத்திலேயே கண்டிருப்பர்.

கத்தோலிக்கர் வேறு வழியில் போனார்கள். ஒல்லாந்தர் காலத்தில் மறைந்து திரிந்து பணியாற்றிய யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் (1676–1742) இயற்றிய ‘வியாகுலப் பிரசங்கம்’ இன்றும் தவக்காலத்தில் யாழ்ப்பாண, மன்னார்க் கத்தோலிக்கரிடையே இழுத்து ஓதும் புலம்பல் இராகத்தில் வாசிக்கப்படுகிறது. பாடுபட்ட கிறிஸ்துவுக்காகவும் வியாகுல மாதாவுக்காகவும் அழும் பெண், தன் பிள்ளைக்காகவும் கணவனுக்காகவும் அங்கேயே சேர்த்து அழுதுவிடுகிறாள். சைவத்தில் ஒப்பாரியும் திருப்பொற்சுண்ணமும் ஒரே முற்றத்தில் ஒலிப்பது போல, இங்கும் அழுகையும் மறைநூலும் ஒரே குரலில் இணைகின்றன. அமெரிக்க மிஷன் மரபில் மறைநூல் தங்கியது. அழுகை படலைக்கு வெளியே நின்றது.

5. நைல்ஸும் பிச்சைக்காரரும்

இந்தக் குறையை உள்ளிருந்தே திருத்தக்கூடிய சிந்தனை தெல்லிப்பழையில் பிறந்த ஒருவரிடமிருந்து வந்தது. 1908 இல் பிறந்த டி. ரி. நைல்ஸ் மெதடிஸ்த குருவானவர். 1948 இல் அம்ஸ்ரடாமில் உலகத் திருச்சபைகள் மன்றத்தின் தொடக்கப் பேரவையில் உரையாற்றியவர். நற்செய்திப் பணியை, உணவு கிடைக்கும் இடத்தை ஒரு பிச்சைக்காரர் இன்னொரு பிச்சைக்காரருக்குச் சொல்வதற்கு ஒப்பிட்டு அவர் சொன்னது உலகெங்கும் அறியப்பட்டது. பலரும் இதை மதமாற்றம் பற்றிய பணிவுரையாக மட்டும் வாசிக்கின்றனர். துக்க வீட்டில் வைத்து வாசித்தால் அது இன்னும் ஆழமாகிறது. ஆறுதல் சொல்பவரிடம் சேமித்த களஞ்சியம் ஏதும் இல்லை. அவரும் பசித்தவர், அவரும் இழந்தவர். தாம் பெற்ற ஆறுதலையே பிறருக்குக் கொடுக்கிறோம் என்று கொரிந்தியருக்குப் பவுல் எழுதியதும் இதுவே.

1968 இல் உப்சாலாவில் கூடிய பேரவையின் தொடக்கப் பிரசங்கத்தை நிகழ்த்த மார்ட்டின் லூதர் கிங் அழைக்கப்பட்டிருந்தார். ஏப்ரலில் அவர் கொல்லப்பட்டார். அந்த இடத்தில் நின்று பேசியவர் நைல்ஸ். இறந்தவரின் வெற்றிடத்தில் நின்று நம்பிக்கையைப் பேச வேண்டிய நிலை தெல்லிப்பழையின் புதல்வருக்கு உலக மேடையில் வாய்த்தது. சொந்த ஊருக்கு அந்த நிலை பின்னால் வந்தது.

6. இடம் இழந்த ஊர்

1990 இல் போரினால், தெல்லிப்பழை அடங்கிய வலிகாமம் வடக்கின் மக்கள் இடம்பெயர்ந்தார்கள். பலர் இருபது ஆண்டுகளுக்கு மேல் உறவினர் வீடுகளிலும் நலன்புரி முகாம்களிலும் வாழ்ந்தார்கள். யூனியன் கல்லூரியும் தன் வளவை விட்டுப் போயிற்று. கீரிமலையும் பாதுகாப்பு வலயக் கட்டுப்பாட்டுக்குள் சிக்கியது. சைவருக்குப் பிதிர்க்கடன் கழிக்கும் துறையும் கிறிஸ்தவருக்கு ஆலயமும் சேமக்காலையும் எட்டாமற் போன அந்த ஆண்டுகளில், துயரத்தின் இடங்களே துயரத்துக்குரியவை ஆயின. 1995 யூலை 9 ஆம் நாள் நவாலியில், ஆலயம் காக்கும் என்று வந்து தங்கிய மக்கள் மீது குண்டு விழுந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதே ஆண்டு ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் தென்மராட்சி நோக்கி நடந்தது.

‘தேவ சித்தம்’ என்ற தொடர் இங்கே உடைகிறது. குண்டைத் தேவ சித்தம் என்பவர் கடவுளைப் பழிக்கிறார். உடல் கிடைக்காமல் காணாமற் போனவருக்கு அடக்க ஆராதனை முறையிலும் இடமில்லை. மண்ணுக்கு மண்ணாக எதை ஒப்படைப்பது? மிஞ்சி நிற்பவை முறையிடும் சங்கீதங்களே. 137 ஆம் சங்கீதம் அகதிகளின் பாட்டு. 88 ஆம் சங்கீதம் நன்றியிலோ நம்பிக்கையிலோ முடியாமல் இருளிலேயே முடிகிறது. அதைத் தொகுத்தவர்கள் ஒரு நல்ல வரியை ஒட்டி அதன் முடிவைத் திருத்தவில்லை. விடியாத துயருக்கும் திருமறையில் இடம் உண்டு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

7. மறுப்பும் விடையும்

சமய ஆறுதல் வலியை மறக்கச் செய்யும் மயக்கமருந்து, நீதி கேட்கும் வாயை அது அடைத்துவிடும் என்பது நெடுநாளைய மறுப்பு. அமைதியையே சான்றாகக் கொண்ட பக்திக்கு இந்த மறுப்பு பொருந்தும். புலம்பலுக்குப் பொருந்தாது. புலம்புபவர் தமக்கு நடந்தது அநியாயம் என்று கடவுளின் முகத்துக்கு நேரே சொல்கிறார். அங்கே சொல்லத் துணிந்தவர் அரச அலுவலகத்தின் முன்னும் சொல்லத் துணிவார்.

மற்றொரு மறுப்பு: உயிர்த்தெழுதலை நம்புபவருக்கு அழுகை எதற்கு? லாசருவை எழுப்பப் போவதை அறிந்திருந்தும் இயேசு அழுதார் என்று யோவான் எழுதுகிறார். முடிவு தெரிந்தவரே அழுதார் என்றால், முடிவு தெரியாமல் நம்புகிற நாம் அழுவதில் குற்றமில்லை. நம்பிக்கை அழுகையை நிறுத்துவதற்காக வரவில்லை. அழுதபடியே அடுத்த நாளுக்குள் நடக்க உதவுகிறது. சாவுத் துயருக்கு மட்டுமன்று, கைவிடப்பட்ட மனைவிக்கும் முறிந்த காதலுக்கும் இது பொருந்தும். தமிழ் வேதாகமம் அத்தகைய இருதயத்தைக் குறிக்க ‘நொறுங்குண்ட’ என்ற சொல்லைத் தேர்ந்தது. நொறுங்கியதை நொறுங்கியது என்று சொல்லிவிட்டு, கடவுள் அதற்குச் சமீபமாக இருக்கிறார் என்கிறது.

8. முடிவு

தெல்லிப்பழையின் இருநூறு ஆண்டுக் கிறிஸ்தவம் காட்டுவது இது: மிஷன் கொண்டுவந்த நம்பிக்கையும் ஊர் வைத்திருந்த அழுகையும் ஒன்றுக்கொன்று பகையல்ல, ஒன்றை விட்டு மற்றது குறைப்பட்டது. இதைத் திருத்தத் திருச்சபை புதிதாக எதையும் கடன் வாங்க வேண்டியதில்லை. அடக்க ஆராதனையில் ஒரு முறையீட்டுச் சங்கீதத்துக்கு இடம் வைக்கலாம்; ஒப்புச் சொல்லி அழும் பெண்ணைக் கையமர்த்தாமல் விடலாம்; காணாமற் போனோருக்கென ஒரு புலம்பல் ஆராதனையை வகுக்கலாம்.

தெல்லிப்பழையில் இன்று குடாநாட்டின் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. நோயாளரின் உறவினர் அதன் விறாந்தைகளில் காத்திருக்கிறார்கள். யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் அவனோடு தரையில் பேசாமல் இருந்தார்கள்; அவர்கள் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான். வாய் திறந்தபோது பிழைத்தார்கள். அந்த விறாந்தைக்குப் போகும் குருவானவரும் சபையாரும் முதலில் இருக்கட்டும், பிறகு பேசலாம்.