துன்பநோக்கும் இன்பநாட்டமும்

துன்பநோக்கு என்பது, வாழ்வில் இன்பத்தைவிடத் துன்பமே மிகுதி என்னும் கருத்து. தமிழில் இதற்கு அருகில் நிற்பது நிலையாமை. சங்க இலக்கியத்தில் காஞ்சித்துறைப் பாடல்கள் அதைப் பேசுகின்றன.

பண்டைக் கிரேக்கத்தில் மிகக் கடுமையான துன்பநோக்கு, இன்பமே வாழ்வின் பயன் என்ற சிரேனைக்குப் பள்ளியில் பிறந்தது. அப்பள்ளியைச் சேர்ந்த ஹெகேசியாஸ் (கி.மு. 3ஆம் நூற்றாண்டு), உடலும் மனமும் ஓயாமல் நோவதால் முழு இன்பம் யாருக்கும் கைகூடாது என்றார். அவர் பேச்சைக் கேட்டுச் சிலர் உயிரை விட்டதாகவும், எகிப்தின் தாலமி மன்னர் அப்பேச்சுக்குத் தடை விதித்ததாகவும் சிசரோ எழுதுகிறார். ஏதென்ஸில் தோட்டப் பள்ளி நடத்திய எப்பிகூரஸ் (கி.மு. 341–270) நேர்மாறான முடிவுக்கு வந்தார். உடலில் நோவும் மனத்தில் கலக்கமும் இல்லாத நிலையே அவருக்குப் பேரின்பம். ஏமாற்றத்தைப் பயிற்சியால் எதிர்கொண்டவரும் உண்டு. கிரேக்கத் தத்துவவாதியான சினோப்பு டயோஜெனிஸ் சிலையின் முன் நின்று பிச்சை கேட்பாராம். கேட்டது கிடைக்காமல் போவதற்குப் பழகிக்கொள்ளத்தான்.

கிரேக்கத்துக்கும் தமிழகத்துக்கும் வணிகத் தொடர்பு இருந்தது. தாமிரபரணிக் கழிமுகத்துக் கொற்கையைக் கிரேக்க மாலுமிகள் அறிந்திருந்தார்கள். அங்கே தண்டனை பெற்ற குற்றவாளிகள் முத்துக்குளித்ததாகப் பெரிப்ளூஸ் என்னும் கிரேக்கக் கடல்வழி நூல் சொல்கிறது. ஆனால் இரு நாட்டுச் சிந்தனைகளின் ஒற்றுமையை இந்த வணிகத்தின் விளைவாகக் கொள்வது பொருந்தாது. சாவும் பிரிவும் எல்லா ஊரிலும் உண்டு.

புறநானூற்று 194ஆம் பாடலில் பக்குடுக்கை நன்கணியார் ஒரே ஊரில் ஒரு வீட்டில் சாப்பறையையும் இன்னொரு வீட்டில் மணமுழவையும் கேட்கிறார். இப்படி ஓர் உலகைப் படைத்தவன் பண்பில்லாதவன் என்று வெளிப்படையாகவே சாடுகிறார். ஆனால் அந்தச் சினத்தோடு நிற்கவில்லை. உலகின் இயல்பை அறிந்தவர்கள் அதில் இனியதைக் காணட்டும் என்று முடிக்கிறார். ஹெகேசியாஸ் எடுத்துவைக்காத அடி இது.

இந்த எண்ணத்தின் நடைமுறை வடிவத்தைத் திருச்செந்தூருக்குத் தெற்கே, குலசேகரன்பட்டினத்தில் காணலாம். அங்குள்ள முத்தாரம்மன் கோயில் தசராவுக்கு, நோயோ குறையோ தீர நேர்ந்துகொண்டவர்கள் மாலை போட்டு, காப்புக் கட்டி, வேடம் கட்டுகிறார்கள். காளி, குறத்தி, கரடி எனப் பல வேடங்கள் உண்டு. அவற்றுள் இங்கு முதன்மையாகக் கருத வேண்டியது பிச்சைக்காரர் வேடம். சொந்த வீடும் தொழிலும் உள்ளவர் கிழிந்த சட்டையும் கையில் தட்டுமாகக் கடை கடையாக ஏறி இறங்குகிறார். ஒரு கடையில் காசு விழும். அடுத்த கடையில் கை விரிப்பார்கள். இரண்டையும் ஒரே முகத்தோடு ஏற்று நகர்கிறார். கேட்டால் அவர் தத்துவம் பேசமாட்டார், அம்மனுக்கு நேர்ந்தது என்பார். ஆனாலும் தன் துயரத்தை ஒளிக்காமல் தெருவுக்குக் கொண்டுவந்து, நான் என்ற நினைப்பைச் சில நாள் இறக்கி வைப்பதை டயோஜெனிஸின் பயிற்சிக்குக் குறைந்ததாகச் சொல்ல முடியாது.

பத்தாம் நாள் இரவு கடற்கரையில் மகிஷாசுர சம்ஹாரம் நடக்கும். பிரித்த காணிக்கை முழுவதும் கோயில் உண்டியலில் சேரும். மறுநாள் காப்புக் களைவார்கள்.