காதுக்கு அளவெடுத்த கதை

ஈஜிபுராவில் குடியிருப்பவனுக்கு இயர்ஃபோன் ஆடம்பரம் கிடையாது, அத்தியாவசியம். 2017-ல் மேம்பாலத்துக்குத் தூண் எழுப்ப ஆரம்பித்தார்கள், வேலை வருஷக்கணக்கில் இழுத்தது. ஒரு பக்கம் அந்த இரைச்சல், இன்னொரு பக்கம் சோனி வேர்ல்ட் சிக்னலின் ஹாரன். நடுவில் பொட்டி தட்டிப் பிழைக்கும் என்னைப் போன்ற வெளியூர்க்காரர்கள்.

அதனால் கொஞ்ச நாளாக எனக்கு ஒரு குழப்பம். ரப்பர் முனையோடு ரெடிமேடாக வரும் இன்-இயர் வாங்குவதா, காதை அச்செடுத்து நமக்கென்றே செய்து தருவதை வாங்குவதா? ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பாவுக்கு வேறு பிரச்னை. அவருடைய காது மெஷின் எந்நேரமும் விசிலடித்தது. இரண்டும் ஒரே கேள்விதான் என்பது இந்தக் கருவிகளின் வரலாற்றைப் படித்தபோதுதான் புரிந்தது.

அச்செடுத்த இயர்ஃபோன் என்றதும் மேடைப் பாடகர்கள் நினைவுக்கு வருவார்கள். ஆனால் காதுக்கு அச்செடுக்கும் தொழில் பாட்டுக்காகப் பிறந்ததல்ல. அது காது கேளாதவர்களுக்காக வந்தது. ஊர்த் திருவிழாவில் மைக்கை ஸ்பீக்கர் பக்கம் திருப்பினால் 'கீ...' என்று கத்துமே, காது மெஷினிலும் நடப்பது அதுவேதான். உள்ளே போகவேண்டிய சத்தம் இடுக்கு வழியாகக் கசிந்து மறுபடி மைக்குக்குப் போகிறது. மெஷின் அதையும் பெருக்குகிறது. கசிவை அடைக்க வேண்டுமானால் அந்த ஒரு காதுக்கு மட்டும் பொருந்துகிற அடைப்பான் வேண்டும். இதைத்தான் இயர்மோல்டு என்கிறார்கள்.

நம் பக்கத்தில் இதற்குப் பேர்போன இடம் மைசூர். 1965-ல் அங்கே தொடங்கிய அகில இந்தியப் பேச்சு மற்றும் கேட்டல் நிறுவனத்தில் காதைப் பரிசோதிப்பதும், மெஷின் பொருத்துவதும், இயர்மோல்டு செய்வதும் ஒரே வளாகத்தில் நடக்கின்றன. செய்முறை எளிது. முதலில் அழுக்கோ புண்ணோ இருக்கிறதா என்று காதைப் பார்ப்பார்கள். நூல் கட்டிய சின்னப் பஞ்சை உள்ளே வைத்து செவிப்பறையைக் காப்பார்கள். பிறகு மாவு போன்ற சிலிக்கோனை நிரப்பி, அது இறுகியதும் வெளியே எடுப்பார்கள். அந்த அச்சை வைத்து மோல்டு தயாராகும். குழந்தைகளுக்குக் காது வளர வளர மறுபடி மறுபடி எடுக்க வேண்டும், பள்ளிச் சீருடை மாதிரி.

இது மேடைக்கு எப்படிப் போனது? அமெரிக்காவில் வெஸ்டோன் என்ற நிறுவனம் 1959 முதல் இயர்மோல்டு செய்துவந்தது. 1995-ல் வான் ஹேலன் ராக் குழுவின் டிரம்மர் அலெக்ஸ் வான் ஹேலன், மேடை இரைச்சலில் எதுவும் சரியாகக் கேட்கவில்லை என்று தன் சவுண்ட் இன்ஜினியர் ஜெர்ரி ஹார்வியிடம் வழி கேட்டார். ஹார்வி அச்செடுத்த இயர்ஃபோன் செய்து கொடுத்தார். அதிலிருந்து அல்டிமேட் இயர்ஸ் நிறுவனம் பிறந்தது. மோல்டு செய்து கொடுத்தது அதே வெஸ்டோன்.

சரி, ரெடிமேட் எங்கிருந்து வந்தது? அதுவும் காது வைத்தியத்திலிருந்துதான்! மீட் கில்லியன் என்பவர் 1983-ல் எடிமோடிக் ரிசர்ச் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். கேட்கும் திறனைச் சோதிக்க, நுரை முனையோடு காதுக்குள் செருகும் இயர்ஃபோன்களை அது தயாரித்தது. வருகிறவர்கள் எல்லோருக்கும் அச்செடுத்துக்கொண்டிருக்க முடியுமா? எந்தக் காதிலும் போய் விரிந்து அடைத்துக்கொள்ளும் நுரைதான் சரி. அதே நிறுவனம் 1991-ல் பாட்டு கேட்பதற்கென்று இஆர்-4 என்ற மாடலை வெளியிட்டது. மூன்றடுக்குக் குடை போன்ற ரப்பர் முனை அதில் பிரபலம். உள்ளே இருந்த குட்டி ஸ்பீக்கரும் காது மெஷின் தொழில்நுட்பத்திலிருந்து வந்ததே.

ஆக, இரண்டுக்கும் வேலை ஒன்றுதான்: கசியாமல் அடைப்பது. அடைப்பு சரியில்லை என்றால் எத்தனை ஆயிரம் கொடுத்து வாங்கினாலும் மிருதங்கத்தின் தொப்பி காணாமல் போய் வெறும் வலந்தலைதான் கேட்கும். வெளி இரைச்சலும் உள்ளே வரும். நாம் சத்தத்தைக் கூட்டுவோம். பெரியவர்களுக்கு 80 டெசிபலில் வாரம் 40 மணி நேரம் வரைதான் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் வரையறுத்தது. அதற்குமேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகிறது. 86 டெசிபல் வைத்தால் 10 மணி நேரம்தான்.

அப்படியானால் அச்சு யாருக்கு? காதுக் குழாய் சுமார் இரண்டரை சென்டிமீட்டர் நீளம். வெளிப்பக்கம் குருத்தெலும்பு, தாடை அசைந்தால் அதுவும் வடிவம் மாறும். வாய் திறந்து பாடுகிறவர், ஆடிக்கொண்டே வாசிக்கிறவர் போன்றோருக்கு ரெடிமேட் முனை நழுவும். அதனால்தான் அவர்களுக்கு வாயைத் திறந்து வைக்கச் சொல்லி அச்செடுக்கிறார்கள். மற்றபடி அச்செடுத்ததை அடுத்தவருக்குக் கொடுக்கவும் முடியாது, பிடிக்கவில்லை என்றால் விற்கவும் முடியாது. நாற்காலியில் உட்கார்ந்து ஆணி பிடுங்குகிற எனக்கு எதற்கு? மூன்று அளவு ரப்பர், ஒரு ஜோடி நுரை, எது அடைக்கிறதோ அது போதும். ஒரு காதுக்கு நடுத்தரம், இன்னொன்றுக்குச் சின்னது என்றுகூட அமையலாம்.

அப்பா விஷயம் அப்படியல்ல. லேசான குறைபாடு என்றால் மெஷினுக்கும் ரெடிமேட் முனை போதும், காது அடைத்தது போலவும் இருக்காது. அப்பாவுக்கு இருப்பது கடுமையான குறைபாடு. அவருக்கும் ரெடிமேட் முனையைப் போட்டுக் கொடுத்த கடைக்காரர், "பழகிடும் சார்" என்றார். அப்பா பழகவில்லை. மெஷினைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, சாப்பாட்டு மேசையில் நாங்கள் பேசும்போது தட்டைப் பார்த்துச் சாப்பிடப் பழகிக்கொண்டார்.

எனக்கு அச்சு இயர்ஃபோனுக்கென்று எடுத்து வைத்திருந்த பணம் அப்படியே இருக்கிறது. அப்பாவின் இரண்டு காதுக்கும் மோல்டு செய்ய அதில் கொஞ்சம்தான் ஆனது. விசில் நின்றுவிட்டது. முதல் வாரம் "குடத்துக்குள்ள தலைய விட்டுப் பேசுற மாதிரி இருக்குடா" என்றார். மோல்டில் பொடித் துளை ஒன்று போட்டதும் அது குறைந்தது. இப்போது சமையலறையில் அம்மா முணுமுணுப்பதற்கெல்லாம் ஹாலிலிருந்து பதில் வருகிறது. அம்மாவுக்குத்தான் கொஞ்சம் கஷ்டம் :-)

டிஸ்கி: அச்செடுக்க வேண்டுமென்றால் முறையாகப் படித்த ஆடியாலஜிஸ்ட்டிடம் மட்டும் போங்கள். வீட்டில் எதையாவது காதில் ஊற்றிப் பார்க்க வேண்டாம்.