மறைந்திருக்கும் ஆயுதம்: ஒரு கைத்துப்பாக்கியின் வரலாறு

1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷைச் சுட்ட வாஞ்சிநாதனின் கையில் இருந்தது பெல்ஜியத்தில் செய்யப்பட்ட பிரௌனிங் கைத்துப்பாக்கி. 1914 ஜூன் 28 அன்று சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசர் பெர்டினாண்டைக் கொன்றதும் ஜான் பிரௌனிங் வடிவமைத்த துப்பாக்கியே. சுட்டவரையும் சுடப்பட்டவரையும் நாம் அறிவோம். ஆடைக்குள் மறைத்து எடுத்துச் சென்று அடுத்தடுத்துச் சுடக்கூடிய அந்தச் சிறு எந்திரத்தின் வரலாற்றை அதிகம் எண்ணிப் பார்ப்பதில்லை.

ஆயுதத்தை மறைத்து வைப்பது ஒரு காலத்தில் அமெரிக்காவிலேயே இழிவாகக் கருதப்பட்டது. 1813இல் கென்டக்கியும் லூசியானாவும் அதைத் தடைசெய்து சட்டம் இயற்றின. நேர்மையானவன் ஆயுதத்தை வெளிப்படையாக அணிவான். மறைப்பவன் வஞ்சகன் என்பதே அன்றைய எண்ணம். மறைக்கத்தக்க துப்பாக்கியின் ஆற்றலும் அன்று குறைவு. 1865இல் லிங்கனைச் சுட்ட பூத்திடம் இருந்த டெரிஞ்சரில் ஒரே ஒரு தோட்டாதான். அது தீர்ந்ததும், தன்னைப் பிடிக்க வந்தவரை அவன் கத்தியால் தாக்க வேண்டியதாயிற்று.

இந்நிலையை மாற்றியவர் பிரௌனிங். சுடும்போது எழும் பின்னுதைப்பின் விசையைக் கொண்டே வெற்றுறையை வெளியேற்றி, அடுத்த தோட்டாவை ஏற்றும் முறையை அவர் சட்டைப்பையில் அடங்கும் அளவுக்குச் சுருக்கினார். 1900ஆம் ஆண்டு மாதிரியின் மேகசினில் ஏழு தோட்டாக்கள். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியதால், எண்ணிக்கையைக் கூட்டினால் கைப்பிடி நீண்டுவிடும். தோட்டாக்களை இரு வரிசைகளாக, ஒன்றுக்கொன்று சற்று விலக்கி அடுக்கி, மேலே ஒரே வாயில் சேர்த்து இதற்கு விடை கண்டவர் பெல்ஜியத்தின் தியூதொன்னே சைவ். 1926இல் பிரௌனிங் இறந்தபின் அவர் முடித்த ஹை பவர், 1935இல் பதின்மூன்று தோட்டாக்களுடன் வெளிவந்தது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர் கைப்பற்றிய பெல்ஜிய ஆலையிலும், நேச நாடுகளுக்காகக் கனடாவிலும் அது உற்பத்தியானது. ஆனால் அது இடுப்புறைக்குரிய ஆயுதம், சட்டைப்பைக்குப் பெரிது.

1982இல் ஆஸ்திரியப் படை ஏற்ற குளோக் 17 எடையைக் குறைத்தது. சட்டகம் பிளாஸ்டிக், தோட்டாக்கள் பதினேழு. 1986 ஏப்ரலில் மயாமியில் இரண்டு எஃப்.பி.ஐ. அலுவலர்கள் கொல்லப்பட்ட மோதலுக்குப் பின், அமெரிக்கக் காவல்துறையினர் ரிவால்வரைக் கைவிடுவது விரைவுபெற்றது. 1987இல் புளோரிடா, தகுதியுள்ள குடிமக்கள் கேட்டால் மறைத்துச் செல்லும் உரிமம் தந்தாக வேண்டும் எனச் சட்டம் இயற்றியது. பிற மாநிலங்கள் தொடர்ந்தன.

1994ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் புதிய மேகசின்களைப் பத்துத் தோட்டாக்களுக்குள் நிறுத்தியது. பத்துதான் எனில் துப்பாக்கி ஏன் பெரிதாக இருக்க வேண்டும்? 1995இல் வந்த குளோக் 26 பத்துத் தோட்டாக்களுடன் உள்ளங்கைக்குள் ஒடுங்கியது. எண்ணிக்கையைக் கட்டுப்படுத்த வந்த சட்டம், மறைத்தலுக்கு வழிகோலியது. 2004இல் அது காலாவதியானது. 2018இல் வந்த சிக் சாவர் பி365, ஏறத்தாழ ஓர் அங்குலத் தடிமனிலும் அரைக் கிலோ எடையிலும், மேகசினில் பத்தும் குழலில் ஒன்றுமாகத் தோட்டாக்களைக் கொண்டது. சிறிதாகவும் வேண்டும், நிறையவும் வேண்டும் என்ற முரண் ஏறக்குறையத் தீர்ந்தது.

ஆனால் தீர்ந்தது பொறியியலின் சிக்கல் மட்டுமே. தாக்குபவர் பலராக இருக்கலாம், அச்சத்தில் குறி தவறலாம், ஆகவே தோட்டாக்கள் மிகுதியாக வேண்டும் என்பது தற்காப்பாளர் வாதம். அதைப் புறந்தள்ள நாம் விரும்பவில்லை. அதே எண்ணிக்கையின் மறுமுகத்தை 2011 ஜனவரி 8 காட்டியது. அரிசோனாவின் டூசான் நகரில் ஒருவன் முப்பத்து மூன்று தோட்டா மேகசினைச் சுட்டுத் தீர்த்தான். ஒன்பது வயதுச் சிறுமி உட்பட ஆறு பேர் இறந்தனர். அடுத்த மேகசினை மாற்ற முயன்ற அந்தச் சில நொடிகளில்தான் அருகிருந்தோர் அவனை மடக்கினர். தற்காப்பாளர் அஞ்சும் அதே இடைவெளிதான் அன்று பலரின் உயிரைக் காத்தது.

2022இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், வீட்டுக்கு வெளியே கைத்துப்பாக்கி ஏந்துவதை அரசியலமைப்பு உரிமை என உறுதிசெய்தது. இன்று பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்களில் மறைத்துச் செல்ல உரிமமே தேவையில்லை. 1813இல் வஞ்சகத்தின் அடையாளமாக இருந்த மறைத்தல், இரண்டு நூற்றாண்டுகளில் குடிமகனின் அன்றாட வழக்கமாயிற்று. எந்திரம் சுருங்கியதால் மட்டும் இது நேரவில்லை. அண்டை மனிதன்மீது இருந்த நம்பிக்கையும் உடன் சுருங்கியிருக்கிறது என்றே நமக்குத் தோன்றுகிறது.